கண்ணாடி அறையும் அட்டைப்பெட்டிப் படுக்கையும்

உங்களில் யாராவது ஒருவர் இந்த வருஷமும் ஏதோ ஒரு அலுவலகச் சுவரில் பட்டாம்பூச்சி வரையத்தான் போகிறீர்கள். எனக்கு நன்றாகத் தெரியும். "பெண்கள் வேலை செய்யும் இடம், இனிமையாக இருக்கவேண்டும்" என்று வாடிக்கையாளர் சொல்லி வாயை மூடுவதற்குள் உங்கள் கை இளஞ்சிவப்புக்குப் போய்விடும். மேலே ஒரு பட்டாம்பூச்சி, கீழே "நீயே சக்தி" என்று வளைந்த எழுத்தில் ஒரு வாசகம். கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இருக்காது. சுவரில் மட்டும் சக்தி இருக்கும்.

சிரிக்காதீர்கள். இதையெல்லாம் நானே செய்துவிட்டுத்தான் பேசுகிறேன். திருப்பதியில் ஓர் அறைகொண்ட அலுவலகம் வைத்து, சித்தூரிலிருந்து தடா வரை உள் அலங்கார வேலை பார்த்து, போன வருஷம்தான் கடையை மூடினேன். பிளைவுட் தேர்வு செய்வது, ஃபால்ஸ் சீலிங் போடுவது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதைச் சொல்லி உங்கள் நேரத்தை வீணடிக்கப் போவதில்லை. நான் எப்படியெல்லாம் முட்டாளாக இருந்தேன் என்று சொல்கிறேன். அதை எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தர மாட்டார்கள்.

முதலில் ஒரு சின்ன முட்டாள்தனம். திருப்பதியில் யாத்ரீகர்களுக்கு வண்டி, அறை ஏற்பாடு செய்து தரும் ஓர் அலுவலகம். வரவேற்புக்கு இரண்டு பெண்கள். அவர்களுக்கு மேலே கண்ணாடி, கீழே நாலு எஃகுக் கால்கள் மட்டும் கொண்ட ஒரு மேஜை செய்து கொடுத்தேன். எதிரே தாழ்வான சோபா. பத்திரிகையில் வரும் படம்போல இருந்தது. ஒரு வாரம் கழித்துப் போனால் மேஜையின் முன்பக்கம் முழுக்கப் பழைய காலண்டர் அட்டைகளை டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறார்கள். எனக்கு வந்த கோபம்! எல்லாவற்றையும் பிய்த்தெறிந்தேன். "இந்த மாதிரி இடத்துக்கு ஒரு ரசனை வேண்டாமா?" என்று புத்திமதி வேறு. மறுவாரம் போனேன், அட்டை திரும்ப வந்திருந்தது. இந்தமுறை பெருமாள் படம்போட்ட காலண்டர். கிழித்தால் பாவம் என்று நான் கை வைக்கமாட்டேன் என்பது அவர்கள் கணக்கு.

அன்றைக்குப் பார்த்து முதலாளி வரத் தாமதமானது. அந்தப் பெண்களில் ஒருத்தி சாப்பிடப் போக, அவள் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். காற்றில் அட்டை ஒரு பக்கம் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. எதிர் சோபாவில் நாலு ஆண்கள். அவர்களுடைய கண்ணும் என் முழங்காலும் ஒரே மட்டத்தில் இருந்தன. பத்து நிமிஷம் புடவையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்கள் கேட்டது ஒரு பலகை. நான் கொடுத்தது ரசனை பற்றிய சொற்பொழிவு.

பலகை அடித்துக் கொடுத்தேன். பாடம் படித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். படிக்கவில்லை என்பது தடா பக்கம் போனபோது தெரிந்தது.

தடாவுக்கு இந்தப் பக்கம், நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே ஒரு தொழிற்சாலை. போனுக்கு சார்ஜர் செய்கிறவர்கள். லைனில் நின்று வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். சத்தியவேடு, நகரி, புத்தூர், சூளூர்பேட்டை என்று எல்லாப் பக்கமிருந்தும் கம்பெனி பஸ்ஸில் வருவார்கள். அவர்களிடம் சார்ஜர் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, "பெண்களுக்கு உங்கள் இடம் பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்க்க ஆள் அனுப்புகிறோம்" என்று கடிதம் போட்டுவிட்டது. உடனே முதலாளிக்குப் பெண்கள்மேல் அக்கறை பொங்கிவிட்டது. என்னைக் கூப்பிட்டார்கள்.

முதல் கூட்டம் இன்னும் என் கண்முன் நிற்கிறது. மேஜையைச் சுற்றி எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் மீசை. பெண்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரு மணி நேரம் மும்முரமாக விவாதித்தார்கள்.

"லேடீஸ்னா லாவெண்டர்தான் மேடம். எங்க வீட்ல ஹால்கூட லாவெண்டர்தான்" என்றார் எச்.ஆர். மேலாளர். சென்னையிலிருந்து வந்து சூளூர்பேட்டையில் வீடு எடுத்துத் தங்கியிருப்பவர். பேச்சில் எப்போதும் ஒரு மேடை வாசனை.

"எல்லாம் கண்ணாடியா இருக்கட்டும். உள்ள யார் இருந்தாலும் வெளிய தெரியணும். அதான் சேஃப்டி" என்றார் இன்னொருவர்.

"ஒரு மீன் தொட்டி வெச்சா மனசுக்கு அமைதி" என்றார் மூன்றாமவர்.

முதலாளி சித்தூர்க்காரர். தெலுங்கும் தமிழும் ஒரே தட்டில் பரிமாறுவார். "எந்துக்கு இவ்ளோ பேச்சு? மேடமே லேடிதானே! மேடத்துக்குத் தெரியாதா ஏமி?" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் நான் உருகிவிட்டேன். ஆமாம், நான் பெண்தான், எனக்குத் தெரியாதா என்று நானே நம்பிவிட்டேன். என் அனுபவத்தில் இதைவிடப் பெரிய பொறி கிடையாது. நான் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்கிறவள். என் அறைக் கதவைத் திறப்பதும் மூடுவதும் என் இஷ்டம். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே ஸ்குரூ முடுக்கும் ஒருத்திக்கு என்ன வேண்டும் என்று புடவை கட்டியிருப்பதாலேயே எனக்குத் தெரிந்துவிடுமா? ஆனால் அந்தக் கட்டடத்திலிருந்த ஒரு பெண்ணைக்கூட நான் கேட்கவில்லை. எட்டு மீசைக்காரர்கள் செய்த தவறையே ஒன்பதாவதாக நானும் செய்தேன், மீசை இல்லாமல்.

நாலு வாரத்தில் ஓய்வறை தயார். லாவெண்டர் சுவர். மூன்று பக்கம் கண்ணாடி. மெத்தென்று ஆறு சோபா. மீன் தொட்டி. வாசல் நேரே எச்.ஆர். மேலாளரின் அறையைப் பார்த்து. "நாங்க ஒரு கண்ணு வெச்சிக்கலாம்ல" என்றார். அந்த வாசலுக்குப் பக்கத்திலேயே புகார்ப் பெட்டி. அதற்குமேல் ஒரு கேமரா. எதற்கு என்று கேட்டேன். "பெட்டிய யாராவது தூக்கிட்டுப் போயிட்டா?" என்றார். ரிப்பன் வெட்டியது முதலாளி. தேங்காய் உடைத்தது மேலாளர். கைதட்டியது பெண்கள்.

இரண்டு வாரம் கழித்து, விட்டுப்போன சில்லறை வேலைகளைப் பார்க்கப் போனேன். சோபாக்களின்மேல் பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. அறையில் குடியிருந்தவை ஏழு மீன்கள் மட்டும்.

"பழக்கமில்ல மேடம். கிராமத்துப் பொண்ணுங்க. சோபான்னா கூச்சம்" என்றார் மேலாளர்.

நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. புத்தூர் பக்கம் நெல்லும் கரும்பும் விளைந்த வீட்டில் பிறந்தவள் நான். கிராமத்துப் பெண்ணுக்குச் சோபா என்றால் பயம் என்று ஒருவர் சொல்ல, நான் தலையாட்டினேன்.

பெயின்டர்கள் மிச்ச டப்பாக்களை ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னால் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதை எண்ணிப் பார்க்கலாம் என்று சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பக்கம் போனேன். கொட்டகைக்கும் மதில் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கும் அளவு சந்து. ஜெனரேட்டர் சூடு முகத்தில் அடித்தது. உள்ளே எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

முப்பது நாற்பது பெண்கள். அட்டைப்பெட்டிகளைப் பிரித்து வரிசையாக விரித்து, கால்களைச் சுவர்மேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தார்கள். செருப்புகள் ஒரு பக்கமாக ஒழுங்காக அடுக்கியிருந்தன. கோடியில் இரண்டு பேர் ஒரு துப்பட்டாவை விரித்துப் பிடித்துக்கொண்டிருக்க, அதன் பின்னால் ஒரு பெண் கட்டிய பாலைப் பீய்ச்சிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வீட்டில் நாலு மாதக் குழந்தை என்று பிறகு தெரிந்தது. மின்சாரப் பலகை ஒரு முழ தூரத்தில் உறுமிக்கொண்டிருந்தது. ஒரு கம்பி கழன்றால் போதும்.

என்னைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். ஒருத்தி மட்டும் முன்னால் வந்தாள். முப்பது வயது இருக்கும். சுகுணா என்று பெயர், சத்தியவேடு பக்கத்துப் பெண். லைனில் பழைய ஆள்.

"அட்டை ஸ்கிராப்புலேர்ந்து எடுத்தது மேடம். புதுசு ஒண்ணும் எடுக்கல" என்றாள்.

திருட்டுப் பட்டம் கட்ட வந்தவள் என்று என்னை நினைத்துவிட்டாள்.

"அங்க அவ்வளவு அழகா ஒரு ரூம் கட்டியிருக்கேன். ஏசி போட்டிருக்கேன். இந்தச் சூட்டுல வந்து எதுக்கும்மா படுத்திருக்கீங்க?"

"அந்த மீன் தொட்டியா மேடம்?"

"மீன் தொட்டி இருக்கிற ரூம்."

"அதான் மேடம், மீன் தொட்டி" என்றாள் சுகுணா. பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். "போறவன் வர்றவன் எல்லாம் கண்ணாடில பாத்துக்கினே போறான். அதுல கால நீட்டிப் படுக்க முடியுமா? எதிர்ல மேனேஜர் ரூம். எவ எப்ப உள்ள போனா, எப்ப வெளிய வந்தா, அல்லாம் அவருக்குத் தெரியும். நம்ம லைன்ல ஒரு பொண்ணு வயித்து வலின்னு ரெண்டு நாள் போய் உக்காந்துச்சி. மூணாம் நாள் கூப்ட்டு, 'உடம்பு முடியலன்னா நின்னுக்கறியாம்மா?'ன்னு அன்பா கேட்டாரு. அன்பாத்தான் கேட்டாரு மேடம், பொய் சொல்லக்கூடாது."

"உக்கார நல்ல சோபா..."

"காலைலேர்ந்து நின்னுக்கினே வேல. கால் இன்னா கனம் கனக்குது தெரியுமா? எங்களுக்கு உக்கார எடம் வாணாம். கால நீட்ட எடம் வேணும்."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"கேட்டாதானே சொல்றது!"

"புகார்ப் பெட்டி இருக்கே?"

"அதுல சீட்டு போடறதுக்கு, நேரா மேனேஜர் கையிலயே குடுத்துடலாம் மேடம். கேமராவுக்காவது வேல மிச்சம்."

நான் அங்கேயே ஓர் அட்டையின்மேல் உட்கார்ந்தேன். கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தேன். ஆறு வாரத்துக்கு முன் எடுத்திருக்கவேண்டிய நோட்டு. வேறு என்ன மாற்றவேண்டும் என்று கேட்டேன். கழிப்பறையில் துப்பட்டா மாட்டக் கொக்கி இல்லை, ஈரத் தரையில் வைக்கவேண்டியிருக்கிறது. நாப்கின் போட மூடி உள்ள தொட்டி இல்லை. பஸ் நிற்கும் இடத்துக்கும் வாசலுக்கும் நடுவே விளக்கு இல்லை. ஒருத்தி சொல்ல ஒருத்தி சேர்த்துக்கொண்டே போனார்கள். லாவெண்டரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மணி அடித்து எல்லாரும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். சுகுணா மட்டும் என்கூடவே மெதுவாக நடந்தாள்.

"மேடம், ஸ்டோர் ரூம்ல ஒரு ரேக்க நவுத்த முடியுமா?"

"எந்த ரேக்?"

"கடைசி ரேக். அதும் பின்னால ஒரு சந்து இருக்குது. வாசல்லேர்ந்து பாத்தா தெரியாது. ஸ்குரூ பாக்கெட் வாங்கப் போனா ஸ்டோர் சூப்பர்வைசர் 'பின்னால இருக்குது, வந்து எட்த்துக்கோ'ன்னுவான்." பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். "போன மாசம் நகரிப் பொண்ணு ஒண்ணு போச்சி. சின்னப் பொண்ணு. திரும்பி வந்து லைன்ல நின்னுச்சி, ஒரு ஸ்குரூகூட நேரா முடுக்கல. மறுநாள்லேர்ந்து வேலைக்கு வர்ல. அதும் நைனா வந்து பையத் தூக்கிக்கினு போய்ட்டாரு."

"மேனேஜர்கிட்ட..."

"என் பேர் வெளிய வந்தா என் வேல போச்சி மேடம். எனக்கு ரெண்டு புள்ளைங்க. நீங்க ஒண்ணும் சொல்ல வாணாம். ரேக்க மட்டும் நவுத்துங்க."

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

வெளிநாட்டுக் கம்பெனி சார்பில் பார்வையிட ஓர் அம்மாள் வர இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. மேலாளரிடம் போய், ஓய்வறையின் வாசலைக் கேன்டீன் நடைபாதைப் பக்கம் திருப்பவேண்டும், கண்ணாடிக்கு மங்கல் தாள் ஒட்டவேண்டும், சோபாவை எடுத்துவிட்டுப் படுக்க அகலமான மரமேடை போடவேண்டும், பால் எடுக்க ஒரு தடுப்பறை வேண்டும், ஸ்டோரில் ரேக்கை நகர்த்திக் கதவில் கண்ணாடி வைக்கவேண்டும் என்றேன்.

"படுக்கறதா?" என்றார், நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னதுபோல. "ஃபேக்டரிக்குள்ள லேடீஸ் படுத்திருந்தா பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க மேடம்? ரயில்வே ஸ்டேஷனா இது? அந்த அம்மா வர்ற அன்னிக்கு நல்லா டிரஸ் பண்ண ஆறு பொண்ணுங்கள சோபால உக்கார வெச்சிடறேன். ஆளுக்கு ஒரு புக் குடுத்துடறேன். அதோட விடுங்க."

சுகுணா சொன்னதில் பெயரில்லாமல் சொல்லக்கூடிய காரணங்களையெல்லாம் சொன்னேன். கால் வலி, மானம், தனிமை. எதுவும் அவர் காதில் ஏறவில்லை. அப்போதுதான் எனக்கு ஒரு கேவலமான யோசனை வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன்: நான் முதலாளியிடம் போய் வாஸ்து பேசினேன்.

"சார், அந்த அறைக்கு வாசல் தப்பான மூலையில விழுந்திருக்கு. ஸ்டோர்ல வடகிழக்குல ஒரு ரேக் அடைச்சிக்கிட்டு நிக்குது. போன தடவை சரக்கு திரும்பி வந்தது எப்போ, ஸ்டோர் மாத்தினதுக்கு அப்புறம்தானே?"

எனக்கு வாஸ்து ஓர் எழுத்துத் தெரியாது. அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "அய்யோ! முந்தே எந்துக்கு செப்பலேது அம்மா?" என்று, முன்பே சொல்லாததற்கு என்னைக் கடிந்துகொண்டு, அந்த நிமிஷமே மேலாளரைக் கூப்பிட்டார். நூறு பெண்களின் கால்வலிக்கு அசையாத வாசல், வடகிழக்கு மூலை என்றதும் மறுநாள் காலையிலேயே இடிபட்டது. மரமேடைக்கு "தாழ்ந்த ஆசனம் பூமி பலம்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஸ்டோர் கதவில் கண்ணாடிக்கு "வெளிச்சம் நுழையவேண்டும்" என்றேன். எல்லாவற்றுக்கும் "சரே, சரே" என்றார். கடைசியில் சித்தூரில் கட்டுகிற வீட்டையும் ஒருமுறை வந்து பார்க்கச் சொன்னார்.

எட்டு நாளில் ஆசாரியும் நானும் வேலையை முடித்தோம். மிகவும் சாமர்த்தியம் செய்துவிட்டதாக நினைத்தேன். பொய்யால் ஒரு வாசலைத் திருப்ப முடிந்தது. அதே பொய் அந்த ஸ்டோர்க்காரனை ஒன்றும் செய்யவில்லை, அவன் நிம்மதியாக இருந்தான். அதை நான் யோசிக்கவில்லை.

பார்வையிடும் நாள் வந்தது. காலையில் ஒருமுறை சுற்றி வரலாம் என்று ஸ்டோர் பக்கம் போனேன். கதவில் நான் வைத்த கண்ணாடி தெரியவில்லை. அதன்மேல் முழுசாக ஒரு சுவரொட்டி. கும்பிட்ட கையுடன் ஒரு பெண் படம். "பெண்மையைப் போற்றுவோம்" என்று பெரிய எழுத்து.

ஸ்டோர் சூப்பர்வைசர் உள்ளேயிருந்து வந்தான். நெற்றி நிறைய திருநீறு. "கண்ணாடில வெயில் வந்து கம்ப்யூட்டர் தெரியல மேடம். அதான் நல்லதா ஒண்ணு ஒட்டனேன்" என்றான். உள்ளே எட்டிப் பார்த்தேன். ரேக் பாதி தூரம் பழைய இடத்துக்கே திரும்பியிருந்தது.

அதே நேரம் முதலாளி, மேலாளர், வந்திருந்த அம்மாள் எல்லாரும் அந்த நடைபாதையில் வந்துகொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் பெங்களூரிலிருந்து வந்தவர். பருத்திப் புடவை, காலில் ஓட்டப்பந்தய ஷூ. அதிகம் பேசாதவர். யோசிக்க எனக்கு இருபது அடி தூரம்தான் இருந்தது. விட்டுவிடலாம். நல்ல வாசகம், எல்லாரும் பாராட்டுவார்கள். அந்த அம்மாள் போனபின் மெதுவாகக் கிழித்துக்கொள்ளலாம். என் கை முந்திக்கொண்டது. சுவரொட்டியின் மூலையைப் பிடித்து ஒரே இழுப்பு. கும்பிட்ட கை பாதியில் கிழிந்தது.

"மேடம்! நல்ல ஸ்லோகன் மேடம் அது!" என்று மேலாளர் பதறினார்.

முதலாளி குழப்பத்தோடு, "அது வாஸ்து கண்ணாடி, மூடக்கூடாதுல்ல அம்மா?" என்றார்.

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். எல்லாரும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நாளை வேறு ஒரு சுவரொட்டி வரும். வாஸ்து சொல்ல நான் தினமும் வரமுடியாது.

"இல்ல சார். வாஸ்துன்னு நான் சொன்னது பொய். எனக்கு வாஸ்து தெரியாது. உள்ள என்ன நடக்குதுன்னு வெளியில தெரியணும், அதுக்குத்தான் கண்ணாடி."

முதலாளி கண்ணாடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உள்ள என்ன நடக்குது?" என்று கேட்டது அந்த பெங்களூர் அம்மாள்.

சுகுணாவுக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. "அதை நான் சொல்லக்கூடாதுங்க. இங்க வேலை செய்யறவங்களைக் கேக்கணும். நான்கூட ரொம்ப லேட்டாத்தான் கேட்டேன்."

மேலாளர் சட்டென்று லைன் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இங்க யாருக்காவது எதாவது பிரச்சினை இருக்கா? இருந்தா தைரியமா சொல்லுங்க!"

ஒருத்தியும் தலை நிமிரவில்லை. சுகுணா ஸ்குரூ முடுக்கிக்கொண்டே இருந்தாள். மேலாளர் வெற்றிச் சிரிப்போடு திரும்பினார். ஸ்டோர்க்காரன் என்னைப் பார்த்த பார்வையில், இந்த வேலையோடு உன் கதை முடிந்தது என்று எழுதியிருந்தது. சுகுணாவையும் ஆபத்தில் தள்ளி, நானும் பைத்தியக்காரி ஆகிவிட்டேனோ என்று நினைத்தேன்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "சாப்பாட்டு நேரம் எப்போ?" என்று கேட்டார்.

"பன்னெண்டரைக்கு மேடம்."

"அந்த ஓய்வறை சாப்பாட்டு நேரம் முழுக்க எனக்கு வேணும். நான் மட்டும் உள்ள இருப்பேன். மேனேஜ்மென்ட் ஆள் யாரும் வரவேண்டாம்."

பன்னிரண்டரைக்கு மணி அடித்தது. எல்லாப் பெண்களும் வழக்கம்போலக் கேன்டீன் நடைபாதையில் திரண்டு போனார்கள். கை கழுவும் இடம், தண்ணீர்க் குழாய், கழிப்பறை, ஓய்வறை வாசல் எல்லாம் இப்போது அந்த ஒரே நடைபாதையில். யார் எதற்குப் போகிறார்கள் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மேலாளர் தன் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு எதிரே முன்பு கதவு இருந்த இடத்தில் ஒரு சுவர். அதை ஒட்டி மங்கல் கண்ணாடி. கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தார். லாவெண்டர் நிறத்தில் என்னவோ அசைந்தது. அவ்வளவுதான்.

பத்து நிமிஷம் பொறுத்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"எத்தன பேர் உள்ள போனாங்க மேடம்? யார் யாரு?"

"தெரியல சார்."

"நீங்கதான மேடம் டிசைன் பண்ணீங்க?"

"அதனாலதான் சார் தெரியல."

அந்த அம்மாள் வெளியே வந்தபோது கையிலிருந்த நோட்டில் ஐந்தாறு பக்கம் நிறைந்திருந்தது. முதலாளியை மட்டும் தனியே கூப்பிட்டுப் பேசினார். அன்று மாலையே ஸ்டோர்க்காரனிடம் சாவியை வாங்கிவிட்டார்கள். பிறகு முறையாக விசாரணை நடந்தது, அவன் வேலையும் போனது. எத்தனை பெண்கள் பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சுகுணா பேசினாளா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுதிக்கொள்ளாதீர்கள். நகரிப் பெண்ணைத் திரும்பக் கூப்பிட ஆள் அனுப்பினார்கள். அவள் வரவில்லை. வேறெங்கோ வேலைக்குப் போகிறாளாம். அங்கே கடைசி ரேக் எந்தப் பக்கம் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அந்த முதலாளி எனக்கு அப்புறம் போன் செய்யவே இல்லை. வாஸ்து பொய் என்றதை அவரால் மன்னிக்க முடியவில்லை. மற்றதை மன்னித்திருப்பார். இரண்டாவது தொழிற்சாலை வேலை வேறொருவருக்குப் போயிற்று. அங்கே சுவரெல்லாம் மறுபடியும் லாவெண்டர் என்று கேள்வி. எச்.ஆர். மேலாளரைத் திருப்பதியில் ஒரு கருத்தரங்கில் பேச அழைத்திருந்தார்கள். தலைப்பு, "பெண்களின் குரலைக் கேட்போம்". மேடையில் ஐந்து பேர் இருந்த படத்தைப் பார்த்தேன். ஐந்து பேருக்கும் மீசை.

நீங்கள் ஓர் இடத்துக்கு வரைபடம் போடும்போது, அங்கே வேலை செய்கிறவர்கள் இப்போது எங்கே போய் ஒளிந்துகொள்கிறார்கள் என்று முதலில் தேடுங்கள். அட்டை விரித்திருக்கிறார்களா, காலண்டர் ஒட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். உங்களுக்கு முன்பே அங்கே யாரோ வடிவமைப்பு செய்துவிட்டார்கள் என்று அர்த்தம். அவர்களிடம் கேளுங்கள். கேட்கும்போது மேலாளரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சுகுணா போன் செய்தாள். நன்றி சொல்லக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, "பரவாயில்லம்மா" என்று சொல்ல வாயைத் தயாராக வைத்திருந்தேன்.

"இன்னா மேடம், மேடை அகலம் பத்தலையே!" என்றாள். "பொரண்டு படுத்தா பக்கத்துல கீறவ மேல கால் போய் விழுது. அளவு எட்த்துத்தான் போட்டீங்களா, சும்மா கோடு இஸ்துட்டு வந்துட்டீங்களா? பால் எடுக்கற ரூம்ல கொக்கி எட்டல. கொள்ளப் பேர் குள்ளமா கீறோம். அப்புறம் அந்த மீனுங்கள யாரு மேடம் பாத்துக்கறது, நாங்களா? இன்னும் நாலஞ்சி இருக்குது. எழுதிக்கிறீங்களா?"

"எழுதிக்கிறேன், சொல்லும்மா" என்று பேனாவைத் தேடினேன்.